பல்செயலிக் கணினிகளில் லினக்ஸ் கெர்னலின் நினைவகப் பயன்பாட்டைக் குறைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூற்றுக்கணக்கான செயலிகள் (சிபியு) கொண்ட சர்வர்களைப் பராமரிப்பவர்களையும், அவற்றுக்கான கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியை, தொகுப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்86-64 கட்டமைப்பில் இயங்கும் லினக்ஸிலிருந்து எடுக்கப்பட்டவை.

செயலிகள் கூடும்போது கெர்னலின் நினைவகத் தேவை ஏன் கூடுகிறது?

பொதுவான ஓர் எண்ணியை எல்லாச் செயலிகளும் மாற்ற முயன்றால், அந்த எண்ணி இருக்கும் கேச் வரி (செயலியின் வேக நினைவகத்தில் ஒரு சிறு துண்டு) ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு செயலியை மட்டும் அனுமதிக்கும் ஒரு பூட்டு அதற்கு வைத்தால், பூட்டுக்காகச் செயலிகள் காத்துக்கிடக்கும். இதைத் தவிர்க்கவே கெர்னல் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்கிறது. பெரிய ஜவுளிக்கடையில் எல்லா விற்பனையாளரும் ஒரே கல்லாவுக்கு ஓடாமல் இருக்க, ஒவ்வொருவர் மேசையிலும் கொஞ்சம் சில்லறை வைப்பதைப் போன்றது இது. வேலை வேகமாக நடக்கும். ஆனால் மேசைகள் இருநூறு ஆகும்போது, எவருக்கும் பயன்படாமல் மேசைகளில் கிடக்கும் பணமே ஒரு பெருந்தொகையாகிவிடும்.

செயலிகளின் எண்ணிக்கை மட்டுமே பெருக்கியாக இருந்தால் சிக்கல் சிறியதாகவே இருந்திருக்கும். நியூமா முனைகளின் (தமக்கு நெருக்கமான நினைவகத்தோடு கூடிய செயலித் தொகுதிகளின்) எண்ணிக்கை, பொருத்தப்பட்ட நினைவகத்தின் அளவு, கன்டெய்னர்களின் (ஒரே கெர்னலின் மேல் தனித்தனியே இயங்கும் நிரல் சூழல்களின்) எண்ணிக்கை, வலையமைப்பு அட்டையின் வரிசைகள் ஆகியவையும் தனித்தனிப் பெருக்கிகள். இவற்றில் இரண்டு ஒன்றோடொன்று பெருகும் இடங்களில்தான் ஜிகாபைட் கணக்கில் நினைவகம் போகிறது. ஆகவே நினைவகத்தைக் குறைக்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஒதுக்கீடு எதனால் பெருக்கப்படுகிறது என்பதே. அளவு எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கெர்னல் எவ்வளவு நினைவகத்தை வைத்திருக்கிறது என்பதை எங்கே பார்ப்பது?

கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமையில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பே தொடக்கம். அதில் ஸ்லாப், எஸ்ரீக்ளெய்மபிள், எஸ்அன்ரீக்ளெய்ம், கெர்னல்ஸ்டாக், பேஜ்டேபிள்ஸ், பெர்சிபியு ஆகிய வரிகளைப் பாருங்கள். ஸ்லாப் என்பது கெர்னல் தன் சிறு பொருள்களுக்காக வைத்திருக்கும் நினைவகம்; பெர்சிபியு என்பது செயலிவாரிப் பிரதிகளுக்கானது. ஸ்லாப்பின் உட்பிரிவுகளை ஸ்லாப்டாப் கட்டளை காட்டும்.

ஆனால் இந்த வரிகளைக் கூட்டினால் முழுக் கணக்கு வந்துவிடாது. சாதன இயக்கிகள் பக்கங்களாகவே (நினைவகம் பங்கிடப்படும் அடிப்படை அலகுகளாகவே) நேரடியாகக் கேட்டு வாங்கும் நினைவகம் மெம்இன்ஃபோவின் எந்த வரியிலும் பெயரோடு வருவதில்லை. மொத்தத்திலிருந்து காலியிடம், கோப்புக் கேச், பயனர் நிரல்களின் நினைவகம், பெரும்பக்கங்கள் (2 மெகாபைட் போன்ற பெரிய அளவுள்ள பக்கங்கள்), மேற்சொன்ன கெர்னல் வரிகள் ஆகியவற்றைக் கழித்தபின் பல ஜிகாபைட் மிஞ்சினால், அது பெரும்பாலும் ஏதோ ஓர் இயக்கியிடம் இருக்கிறது. 2024இல் வெளிவந்த 6.10 பதிப்பில் சேர்ந்த நினைவக ஒதுக்கீட்டு அளவீட்டு வசதியை இயக்கித் தொகுத்திருந்தால், ப்ராக்கில் உள்ள அலாக்இன்ஃபோ கோப்பு, மூலநிரலின் எந்த வரி எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பதையே காட்டிவிடுகிறது. முன்பெல்லாம் ஊகித்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்த விஷயம் இது. பெரிய கணினிகளை நிர்வகிக்கும் எவரும் இதைக் கற்றுக்கொள்வது மிகுந்த பயன் தரும்.

ஒரு டெராபைட் பொருத்தியும், கணினி அதைவிடச் சில ஜிகாபைட் குறைவாகக் காட்டுவது ஏன்?

4 கிலோபைட் கொண்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் 64 பைட் அளவுள்ள ஒரு விவரக்குறிப்பை வைத்திருக்கிறது. இது நினைவகத்தில் 1.56 சதவீதம். ஒரு டெராபைட்டுக்கு இதுவே 16 ஜிகாபைட். கணினி தொடங்கும்போதே இது ஒதுக்கப்பட்டுவிடுவதால் மெம்இன்ஃபோவின் மொத்த நினைவக வரியிலேயே சேர்வதில்லை. அதனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்காமலே பலர் விட்டுவிடுகிறார்கள். டென்ட்ரி (கோப்புப் பெயர்), ஐநோடு (கோப்பு விவரம்) ஆகியவற்றை விரைவாகத் தேடுவதற்கான ஹேஷ் அட்டவணைகளும் நினைவகத்தின் அளவைப் பார்த்துத் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படுகின்றன. அவற்றின் அளவு டிமெஸ்க் கட்டளை காட்டும் கெர்னல் செய்திகளில் பதிவாகியிருக்கும்.

பக்க விவரக்குறிப்புகளின் இந்தச் செலவைக் குறைக்க முடியுமா?

முடியும், ஆனால் பெரும்பக்கங்களைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும். 2 மெகாபைட் பெரும்பக்கம் ஒன்றுக்குள் 512 சாதாரணப் பக்கங்கள் அடங்கும். அவற்றின் விவரக்குறிப்புகள் 32 கிலோபைட், அதாவது 8 பக்கங்கள். முதல் விவரக்குறிப்பைத் தொடர்ந்து வருபவை ஏறத்தாழ ஒரே தகவலையே திரும்பச் சொல்வதால், எட்டையும் ஒரே பக்கத்தின் மீது பொருத்திவிட்டு, மற்றவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திருப்பித் தரலாம். பைட்டான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த முச்சுன் சோங் எழுதிய இந்த மேம்பாடு 2021இல் 5.14 பதிப்பில் சேர்ந்தது. தொடக்கத்தில் எட்டில் ஆறு பக்கங்களை விடுவித்தது, பின்னர் ஏழாக உயர்ந்தது. ஒரு டெராபைட் முழுவதையும் 2 மெகாபைட் பெரும்பக்கங்களாக வைத்தால் 16 ஜிகாபைட் செலவு 2 ஜிகாபைட்டாகச் சுருங்கும். 1 ஜிகாபைட் பெரும்பக்கங்களாக வைத்தால் அது சில மெகாபைட்டுகளே ஆகும். தொடக்க அளவுருக்களில் ஹியூஜ்டிஎல்பி_ஃப்ரீ_விமெம்மேப் என்பதை இயக்கினால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பெரும்பக்கத்தை மீண்டும் சிறு பக்கங்களாக உடைக்க, விடுவித்த விவரக்குறிப்புப் பக்கங்களை மறுபடி வாங்க வேண்டும். நினைவகம் நெருக்கடியாக இருக்கும் வேளையில் அது தோற்கலாம். பெரும்பக்கங்களைத் தொடக்கத்தில் ஒதுக்கிவிட்டு அப்படியே வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்கும் மெய்நிகர் கணினிகளுக்கும் இது மிகப் பொருத்தம். அடிக்கடி ஒதுக்கி விடுவிப்பவர்களுக்குப் பொருத்தம் குறைவு.

ஏஆர்எம்64 கணினிகளில் 64 கிலோபைட் அடிப்படைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செலவு 0.1 சதவீதமாகிவிடும். ஆயினும் சிறு கோப்புகள் ஏராளமாக இருக்கும் கணினியில், ஒவ்வொரு கோப்பும் குறைந்தது 64 கிலோபைட் கேச்சை அடைத்துக்கொள்வதால், இங்கே மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். கெர்னல் உருவாக்குநர்களின் நீண்டகாலத் திட்டம், மாத்யூ வில்காக்ஸ் முன்னெடுக்கும் ஃபோலியோ (பல பக்கங்களை ஒரே அலகாகக் கையாளும் முறை) மாற்றங்களின் வழியே, பக்கத்துக்கு 64 பைட் என்பதை 8 பைட்டாகச் சுருக்குவது. அது நிறைவேறினால் பெரிய சர்வர்களுக்குக் கிடைக்கும் மிச்சம், இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் மற்ற பலவற்றைவிடப் பெரிதாக இருக்கும்.

மிகப் பல செயலிகளுக்காகத் தொகுத்த கெர்னல், சிறிய கணினியிலும் நினைவகத்தை வீணாக்குமா?

ஒரு காலத்தில் கடுமையாக வீணாக்கியது. 2008 வாக்கில், ஆயிரக்கணக்கான செயலிகளைக் கொண்ட கணினிகளை உருவாக்கிவந்த எஸ்ஜிஐ நிறுவனம், எக்ஸ்86 கெர்னலின் செயலி உச்சவரம்பை 4096 ஆக உயர்த்த முனைந்தது. அப்போது கெர்னலின் பல பகுதிகளில், செயலிக்கு ஒரு பதிவு என்று உச்சவரம்பின் அளவுக்கே நிலையான வரிசைகள் அறிவிக்கப்பட்டிருந்தன. பதிவு ஒரு கிலோபைட் என்றால், இரண்டு செயலி மட்டுமே உள்ள மடிக்கணினியிலும் அந்த ஒரு வரிசைக்கு 4 மெகாபைட் போய்விடும். குறுக்கீட்டு (சாதனங்கள் செயலியை அழைக்கும் சைகை) விவரங்களிலோ குறுக்கீட்டு எண்ணிக்கையும் செயலி எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பெருகின. லினக்ஸ் விநியோகங்கள் மடிக்கணினிக்கும் மாபெரும் சர்வருக்கும் ஒரே கெர்னலைத் தருவதால், இதைச் சரிசெய்யாமல் வரம்பை உயர்த்துவது எவருக்கும் ஏற்புடையதாக இருந்திருக்காது.

எஸ்ஜிஐயைச் சேர்ந்த மைக் டிராவிஸ் இத்தகைய வரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடி, உண்மையில் இருக்கக்கூடிய செயலிகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கும் தனிச்செயலி மாறிகளாக மாற்றினார். அடுத்த தலைவலி, செயலிகளின் தொகுதியைக் குறிக்கும் பிட் முகமூடி. 4096 செயலிகளுக்கு ஒரு முகமூடி 512 பைட். செயல்கூறுகள் தற்காலிகத் தரவை வைக்கும் கெர்னல் அடுக்கே அன்று 8 கிலோபைட்தான். அழைப்புச் சங்கிலியில் நான்கைந்து செயல்கூறுகள் தலைக்கு ஒரு முகமூடியை அடுக்கில் வைத்தாலே ஆபத்து. கெர்னல் உருவாக்குநர் ரஸ்டி ரஸ்ஸல் அந்த முகமூடிகளை அடுக்கிலிருந்து வெளியே எடுத்து, தேவைப்படும்போது ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உச்சவரம்பு 8192 வரை போகிறது. மடிக்கணினியில் அதன் சுமை அநேகமாகத் தெரிவதில்லை. பொறுமையாக, ஓசையில்லாமல் செய்யப்பட்ட இந்தப் பணி கெர்னல் வரலாற்றில் பெற வேண்டிய அளவுக்குப் பாராட்டைப் பெறவில்லை என்பது என் கருத்து.

என் மெய்நிகர் கணினியில் 8 செயலிகளே உள்ளன. பெர்சிபியு வரி மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

பெர்சிபியு வரி காட்டும் தனிச்செயலி நினைவகம், இயங்கும் செயலிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கப்படுவதில்லை. பின்னர் சேர்க்கப்படக்கூடியவை உட்பட, இருக்கச் சாத்தியமுள்ள எல்லாச் செயலிகளுக்கும் ஒதுக்கப்படுகிறது. கணினியின் தள மென்பொருள் பிற்காலச் சேர்க்கைக்காக 128 இடங்களை அறிவித்தால், கெர்னல் 128 பிரதிகளை வைக்கும். சிஸ் கோப்பு முறைமையின் சிபியு அடைவில் உள்ள பாசிபிள் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள எண்ணும் ஆன்லைன் கோப்பிலுள்ள எண்ணும் பெரிதும் வேறுபட்டால், வீணாகும் இடம் அதுதான்.

தீர்வு எளிது. மெய்நிகராக்க அமைப்பில் செயலிகளை இயங்கும்போதே சேர்க்கும் வசதியை நிறுத்தலாம். அல்லது தொடக்க அளவுருவாக என்ஆர்_சிபியுஸ் மதிப்பைக் கொடுக்கலாம். மேக்ஸ்சிபியுஸ் என்ற அளவுரு பெயரில் இதைப் போலத் தோன்றினாலும், அது தொடக்கத்தில் எத்தனை செயலிகளை எழுப்புவது என்பதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. சாத்தியச் செயலிகளின் எண்ணிக்கை மாறாததால் நினைவகம் மிச்சமாகாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ஸ்லாப் ஒதுக்கீட்டில் நினைவகம் எங்கே தேங்குகிறது?

ஒரே வகைப் பொருள்களைக் கேச்களாகத் தொகுத்து வைக்கும் ஸ்லாப் முறையை சோலாரிஸ் இயங்குதளத்துக்காக ஜெஃப் பான்விக் வடிவமைத்து 1994இல் வெளியிட்டார். லினக்ஸ் அதைப் பின்பற்றி, செயலிக்கொரு வரிசை வைத்தது. நியூமா கணினிகளுக்காக, ஒரு முனையில் விடுவிக்கப்படும் வேற்றுமுனைப் பொருள்களுக்கென்றும் வரிசைகள் சேர்ந்தன. இந்த இரண்டாம் வகை, முனைகளின் எண்ணிக்கையின் இருமடியாக வளரக்கூடியது. 2007இல் அப்போது எஸ்ஜிஐயில் இருந்த கிறிஸ்டோஃப் லாமிட்டர், ஆயிரம் முனைகளும் செயலிகளும் கொண்ட தங்கள் கணினிகளில் இந்த வரிசைகளில் உள்ள சுட்டிகளுக்கே பல ஜிகாபைட் முடங்கிக் கிடப்பதாகச் சுட்டிக்காட்டி, வரிசைகளே இல்லாத ஸ்லப் ஒதுக்கீட்டியை முன்வைத்தார். அது 2.6.22 பதிப்பில் சேர்ந்தது. பழைய ஸ்லாப் 2024இல் 6.8 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது.

ஸ்லப்பிலும் தேக்கம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு கேச்சிலும் தனக்கென ஒரு ஸ்லாப்பை (பொருள்கள் வைக்கப்படும் பக்கங்களின் கட்டை) பிடித்துவைத்திருக்கும்; பகுதி நிரம்பியவற்றின் பட்டியலும் உண்டு. பொதுப் பட்டியலின் பூட்டைத் தொடும் தேவையைக் குறைப்பதற்காக, செயலிகள் கூடக்கூட ஸ்லாப்பின் அளவும் மடக்கை விகிதத்தில் பெரிதாகி, இயல்பாக 32 கிலோபைட் வரை போகும். 256 செயலிகளும் ஒரு கேச்சைத் தொட்டால், அந்த ஒரு கேச்சில் மட்டும் 8 மெகாபைட் பிடிபடலாம். கேச்களோ நூற்றுக்கும் மேல்.

குறைக்கும் வழிகளில் நான் முதலில் பரிந்துரைப்பது ஸ்லப்_மேக்ஸ்_ஆர்டர் என்ற தொடக்க அளவுருவைக் குறைத்துப் பார்ப்பது. அடுத்து, சிஸ் அடைவில் ஸ்லாப்பின் கீழ் ஒவ்வொரு கேச்சுக்கும் இருக்கும் சிபியு_பார்ஷியல் என்ற மதிப்பைக் குறைப்பது. ஷ்ரிங்க் என்ற கோப்பில் 1 எழுதினால் வெறுமையான ஸ்லாப்கள் உடனே திருப்பித் தரப்படும். ஒத்த அளவுள்ள கேச்களைக் கெர்னல் தானாகவே ஒன்றிணைத்து மிச்சம் பிடிக்கிறது; பாதுகாப்புக் காரணங்களுக்காக ஸ்லாப்_நோமெர்ஜ் கொடுத்திருந்தால் அந்த மிச்சம் போய்விடும். அப்படிக் கொடுத்திருப்பவர்கள் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் விலையை அளந்து தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கட்டும்.

நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை இயக்கும்போது கெர்னல் நினைவகம் வீங்குவது ஏன்?

இங்கேதான் இரண்டு பெருக்கிகள் நேருக்கு நேர் சந்திக்கின்றன. முன்பு ஒவ்வொரு நினைவகக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் (சிகுரூப், கன்டெய்னரின் நினைவகத்தை அளந்து வரம்பிடும் அமைப்பு) ஸ்லாப் கேச்களின் தனித் தொகுதி உருவாக்கப்பட்டது. ஒவ்வொன்றும் செயலிக்கொரு ஸ்லாப்பைப் பிடித்துக்கொண்டது. விளைவாக, ஒதுக்கிய ஸ்லாப் பக்கங்களில் பாதியளவே உண்மையான பொருள்களைத் தாங்கின. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய ரோமன் குஷ்சின், எல்லாக் குழுக்களும் ஒரே கேச் தொகுதியைப் பகிர்ந்துகொண்டு, பொருள் வாரியாகக் கணக்கு வைக்கும் முறைக்கு அதை மாற்றினார். 2020இல் 5.9 பதிப்பில் இது சேர்ந்தது. அங்குள்ள சர்வர்களில் ஸ்லாப் நினைவகம் 35 முதல் 42 சதவீதம் வரை குறைந்ததாக அவர் தெரிவித்தார். ஒரு மாற்றத்துக்கு இது மிகப் பெரிய பலன். 5.9க்கு முந்தைய கெர்னலில் கன்டெய்னர்களை இயக்குபவர்கள், வேறெந்த அளவுருவையும் தொடுமுன் பதிப்பை உயர்த்துவதே நல்லது.

இன்னும் மிஞ்சுவது புள்ளிவிவர எண்ணிகள். ஒவ்வொரு குழுவுக்கும், ஒவ்வொரு வலையமைப்புப் பெயர்வெளிக்கும் (கன்டெய்னருக்கான தனி வலையமைப்புச் சூழல்), ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் (இணைக்கப்பட்ட கோப்பு முறைமை) செயலிவாரி எண்ணிகள் உள்ளன. நீக்கப்பட்ட குழுவும் அதன் கணக்கில் சில கோப்புக் கேச் பக்கங்கள் இருக்கும்வரை கெர்னலுக்குள் உயிரோடிருக்கும். பெரிய கணினியில் அது நூற்றுக்கணக்கான கிலோபைட் வரை பிடிக்கலாம். சிகுரூப்.ஸ்டாட் கோப்பில் இறந்துகொண்டிருக்கும் வழித்தோன்றல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஆயிரக்கணக்கில் இருந்தால், குறுகிய ஆயுளுடைய கன்டெய்னர்களை ஓயாமல் உருவாக்கி அழிக்கும் நிரலே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வலையமைப்பு அட்டைக்கும் கெர்னல் நினைவகத்துக்கும் என்ன தொடர்பு?

பலர் நினைப்பதைவிட நெருக்கமான தொடர்பு. பல இயக்கிகள் செயலிக்கு ஒரு வரிசை என்று திறக்கின்றன. ஒவ்வொரு வரிசையின் வளையத்திலும், வரப்போகும் பொதிகளுக்காக முன்கூட்டியே பக்கங்கள் நிரப்பி வைக்கப்படுகின்றன. 128 வரிசைகள், வரிசைக்கு 1024 இடங்கள், இடத்துக்கு 4 கிலோபைட் என்றால் ஓர் இணைப்பு முனைக்கு 512 மெகாபைட். அட்டையில் இரண்டு முனைகள் இருந்தால் ஒரு ஜிகாபைட். மேலே சொன்ன, மெம்இன்ஃபோவில் பெயரில்லாத நினைவகம் இதுவே. போக்குவரத்தைக் கையாள 16 வரிசைகள் போதுமென்றால், ஈத்டூல் கட்டளையால் வரிசைகளையும் வளையத்தின் நீளத்தையும் குறைத்துவிடலாம். மறுதொடக்கம் வேண்டாம், தவறினால் உடனே மீட்கலாம் என்பதால், பல சர்வர்களில் குறைந்த உழைப்பில் அதிகப் பயன் தரும் நடவடிக்கை இது. குறைத்தபின் பொதிகள் தவறவிடப்படும் எண்ணிக்கையைச் சில நாள்கள் கவனியுங்கள்.

தடமறியும் வசதி, கெர்னல் இழைகள் ஆகியவை எவ்வளவு எடுக்கின்றன?

கெர்னலின் தடமறியும் வசதியான எஃப்ட்ரேஸ் இயங்கத் தொடங்கியதும் செயலிக்கு 1408 கிலோபைட் இடையகம் ஒதுக்குவது இயல்பு. 256 செயலிகளில் இது 352 மெகாபைட். பயன்படுத்தி முடித்ததும் பஃபர்_சைஸ்_கேபி மதிப்பைக் குறைத்துவிடுங்கள்.

இழைகளின் அடுக்கு தலைக்கு 16 கிலோபைட். செயலிக்கு ஆறேழு கெர்னல் இழைகள் என்றாலும் 256 செயலிகளுக்குச் சில பத்து மெகாபைட்டுகளே ஆகும். இன்று இது கவலைக்குரியதன்று. முன்பு அப்படியில்லை. பின்னணி வேலைகளுக்கான ஒவ்வொரு பணிவரிசையும் செயலிக்கொரு இழையை உருவாக்கிய காலத்தில், சில கணினிகள் தொடங்கி முடிப்பதற்குள்ளேயே 32 ஆயிரம் செயல்முறை எண்களும் தீர்ந்துவிட்டன. 2010இல் தேஜுன் ஹியோ எழுதிய பொதுப் பணியாளர் குழு முறை அந்த நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது.

பேஜ்டேபிள்ஸ் வரி பல ஜிகாபைட் காட்டுகிறது. இது இயல்பா?

பெரிய பகிர்வு நினைவகமும் ஏராளமான செயல்முறைகளும் கொண்ட தரவுத்தளக் கணினிகளில் இயல்பாக நேர்வது, ஆனால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. 4 கிலோபைட் பக்கத்துக்கு 8 பைட் வீதம், 100 ஜிகாபைட் பகிர்வு நினைவகத்தை முழுவதும் தொடும் ஒரு செயல்முறைக்கு 200 மெகாபைட் பக்க அட்டவணை (நிரலின் முகவரிகளை நினைவகப் பக்கங்களோடு இணைக்கும் பட்டியல்) தேவை. அவ்வாறு ஆயிரம் செயல்முறைகள் இணைந்தால், பகிர்ந்த தரவைவிட அட்டவணைகளே இருமடங்காகி, ஏறத்தாழ 200 ஜிகாபைட்டைத் தின்றுவிடும். பகிர்வு நினைவகத்தை 2 மெகாபைட் பெரும்பக்கங்களில் வைத்தால் அட்டவணையின் கடைசி நிலை தேவையற்றுப்போய், செலவு ஐந்நூறில் ஒரு பங்காகக் குறையும்.

கேச்களைக் கைவிடச் சொல்லும் ட்ராப்_கேச்சஸ் ஒரு தீர்வாகுமா?

ஆகாது. அது மீட்கக்கூடிய நினைவகத்தை மட்டுமே விடுவிக்கும். தேவை வந்தால் கெர்னல் அதைத் தானே விடுவித்துவிடும். எஸ்அன்ரீக்ளெய்ம், பெர்சிபியு, இயக்கிகளின் பக்கங்கள் எதையும் அது தொடாது. சோதனைக்கு முன்பு கணினியை ஒரே நிலைக்குக் கொண்டுவர அதைப் பயன்படுத்தலாம். கால அட்டவணை போட்டு இயக்குவது கோப்பு அணுகலைத்தான் மெதுவாக்கும்.

நிலைகுலைவைப் பதிவுசெய்யும் கேடம்ப் கெர்னல், ஒதுக்கிய இடம் போதாமல் தோற்கிறது. என்ன செய்வது?

அந்த இரண்டாம் கெர்னல் சில நூறு மெகாபைட்டுக்குள் எழுந்து வேலையை முடிக்க வேண்டும். 200 செயலிகளுக்கான பிரதிகளையும் வரிசைகளையும் உருவாக்க அங்கே இடமில்லை. அதற்கு என்ஆர்_சிபியுஸ் மதிப்பை 1 ஆகக் கொடுப்பது அடிப்படைத் தேவை. அதன் பின்பும் தோற்றால், தேவையற்ற சாதன இயக்கிகளை அந்தச் சூழலிலிருந்து நீக்குங்கள். பெரும்பாலும் வட்டு இயக்கி ஒன்றும், தொலைவில் சேமிப்பதானால் வலையமைப்பு இயக்கி ஒன்றும் போதும். ஒதுக்கிய அளவைக் கூட்டுவதைக் கடைசி வழியாக வையுங்கள், ஏனெனில் அந்த இடம் முதன்மைக் கெர்னலுக்கு நிரந்தரமாக இல்லாமற்போகிறது.

மிகச் சிறிய கணினிகளுக்கான கெர்னல் அமைப்புகளை இங்கே பயன்படுத்தலாமா?

வேண்டாம். 6.2 பதிப்பில் வந்த ஸ்லப்_டைனி என்ற தெரிவு, சில மெகாபைட் நினைவகமே உள்ள உட்பொதி சாதனங்களுக்கானது. செயலிவாரித் தேக்கங்களை அது நீக்கிவிடுவதால், பல செயலிகள் ஒரே பூட்டில் மோதத் தொடங்கும். ஒரு டெராபைட் கணினியில் ஒரு ஜிகாபைட்டை மீட்பதற்காக நூறு செயலிகளைக் காக்க வைப்பது நியாயமான பேரமன்று. அதேபோல் பெரும்பான்மை ஒதுக்கீடுகளில் செயலிவாரிப் பிரதி என்பது வேகத்துக்காக அறிந்தே கொடுத்த விலை. அதை முற்றிலும் எடுத்துவிடாமல், பயன்படாத பிரதிகளை மட்டும் நீக்குவதையே நாட வேண்டும்.

மாறாக, சோதனைக்கான தெரிவுகள் உற்பத்திச் சர்வரில் அணைக்கப்படாமல் இருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். நினைவகப் பிழைகளைக் கண்டறியும் பொதுவகைக் கேசான் கருவி இயங்கினால் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழல் பகுதிக்கே போய்விடும். எங்கிருந்தோ கிடைத்த பிழைதிருத்தக் கெர்னல் மாதக்கணக்கில் உற்பத்தியில் ஓடிக்கொண்டிருப்பது அரிதன்று. அதைச் சாதாரணக் கெர்னலாக மாற்றுவதற்கு ஒரு மறுதொடக்கம் போதும்.